மேலே பணிவு, கீழே முள்

வாழ்வும் சாவும் நாக்கின் கையில் இருப்பதாகச் சொல்லும் நீதிமொழிகள் 18:21, கிறிஸ்தவ வீடுகளின் காலண்டர்களில் அடிக்கடி தலைகாட்டும் வசனம். அதைப் பெரும்பாலும் நமக்கு நாமே சொல்லிக்கொள்வதற்கென்று வைத்துக்கொண்டுவிட்டோம். “இந்த வருஷம் புரமோஷன் எனக்குத்தான்னு அறிக்கை பண்றேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கையோடு கிளம்பட்டும், தப்பில்லை. ஆனால் அந்த அதிகாரத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துவிட்டால் அதை இப்படிப் பயன்படுத்த மனம் வராது. அங்கே வருகிறவர்கள் கோள் சொல்கிறவன், முழுதும் கேட்காமலே பதில் சொல்கிறவன், வழக்கில் முந்திக்கொண்டு பேசியதாலேயே நியாயவானாகத் தெரிகிறவன். காலண்டர் வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளி, 23இல், ஏழை கெஞ்சுகிறான். பணக்காரன் வெடுக்கென்று பதில் சொல்கிறான்.

லீவு கேட்டு நிற்பவரிடம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் “போன வாரந்தானே போனீங்க?” என்று கேட்கிற மேலாளரைப் பார்த்தவர்களுக்கு இந்த 23ஆம் வசனம் விளக்கம் இல்லாமலே புரியும்.

ஆபீசில் ஒரு வார்த்தையின் எடை, அதைச் சொல்பவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பொறுத்தது. பக்கத்து சீட்டுக்காரர் “என்னப்பா இப்படிப் பண்ணி வச்சிருக்க” என்றால் டீ குடிக்கப் போகும்போது மறந்துவிடும். அப்ரைசல் எழுதுகிறவர் அதையே சொன்னால் அன்றிரவு தூக்கம் வராது. ஆகவே இந்தக் கட்டுரை முதலில் மேலே இருப்பவர்களுக்கு. “எனக்குக் கீழே யாரும் இல்லையே” என்கிறவர்கள் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை, ஹவுஸ்கீப்பிங் அக்காவை, கான்ட்ராக்டில் வந்தவரை, நேற்றுச் சேர்ந்த டிரெய்னியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஒரே புகார், இரண்டு தலைவர்கள்

வேலை இடத்துப் பேச்சுக்குப் பாடம் எடுக்க வேதாகமத்தில் ஒரு புத்தகத்தைச் சொல்லச் சொன்னால், யாக்கோபு நிருபத்துக்கு முன்பாக நான் நியாயாதிபதிகளைச் சொல்வேன். எப்பிராயீம் என்ற பெரிய கோத்திரம் அதில் இரண்டு முறை ஒரே மனக்குறையோடு வந்து நிற்கிறது. போருக்குப் போனபோது தங்களைக் கூப்பிடவில்லையாம்.

முதல் முறை, 8ஆம் அதிகாரத்தில், கிதியோனிடம். அவர் மீதியானியரைத் துரத்திக்கொண்டு போகிற நேரம் அது. நின்று வாதாடவில்லை. மீதியானின் பிரபுக்களான ஓரேபையும் சேபையும் பிடித்தவர்கள் நீங்கள், அதற்கு முன்னால் நான் செய்தது எம்மாத்திரம் என்றார். தன் குடும்பத்தின் முழுத் திராட்சை அறுப்பைவிட அவர்கள் பொறுக்கிய மிச்சமே மேல் என்றும் சேர்த்துச் சொன்னார். வந்தவர்களின் கோபம் ஆறிவிட்டது. இதில் முகஸ்துதி இல்லை என்பதுதான் முக்கியம். அந்த இரண்டு பிரபுக்களையும் பிடித்தது உண்மையிலேயே எப்பிராயீமியர்தான். கிதியோன் பொய் சொல்லவில்லை. இருக்கிற உண்மைகளில் எதை முதலில் சொல்வது என்று தெரிந்திருந்தார்.

இரண்டாம் முறை, 12ஆம் அதிகாரத்தில், யெப்தாவிடம். இந்தமுறை வீட்டோடு கொளுத்திவிடுவோம் என்ற மிரட்டலும் கூடவே வந்தது என்பதை யெப்தாவுக்காகச் சொல்லியாக வேண்டும். அவரிடம் பதிலும் தயாராக இருந்தது: கூப்பிட்டேன், நீங்கள் வரவில்லை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நானே போனேன். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்திருக்கலாம். இன்றைக்கென்றால் பழைய மெயிலைத் தோண்டி எடுத்து, மேலதிகாரிகள் அத்தனை பேரையும் சிசியில் போட்டு ‘ரிப்ளை ஆல்’ தட்டியிருப்பார். எப்பிராயீமியரும் சும்மா இல்லை, யெப்தாவின் ஆட்களான கீலேயாத்தியரை ஓடிப்போன கூட்டம் என்று ஏசினார்கள். அது சண்டையில் முடிந்தது. விழுந்த எப்பிராயீமியர் 42,000 பேர் என்கிறது புத்தகம். முந்தின அதிகாரத்தில்தான், யோசிக்காமல் வாய்விட்ட ஒரு பொருத்தனைக்குத் தன் ஒரே மகளைப் பறிகொடுத்திருந்தார் யெப்தா.

“எங்க டீமை ஏன் கேக்கல?” என்று கோபமாக வருகிறவருக்குத் தகவல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை, தன்னை ஒரு பொருட்டாக மதித்தார்களா என்றுதான் தெரிய வேண்டும். எனவே அவர்கள் செய்த உண்மையான ஒரு வேலையைப் பெயர் சொல்லித் தொடங்குங்கள். “போன ரிலீஸ்ல டேட்டா மாத்துற வேலை மொத்தத்தையும் உங்க ஆளுங்கதான் தாங்குனாங்க. இதுலயும் முன்னாடியே சொல்லியிருக்கணும்னு நீங்க கேக்கறது நியாயம்.” தேதி, மெயில், யார் யாருக்கு எப்போது சொன்னது என்பதெல்லாம் இதற்கு அப்புறம். சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வேண்டாம்.

பிரசங்கங்களில் கிதியோனை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். அதே 8ஆம் அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். களைத்துப்போன தன் 300 பேருக்கு அப்பம் கேட்டு சுக்கோத் என்ற சிற்றூருக்குப் போகிறார் அவர். ஊர்ப் பெரியவர்கள், இன்னும் எதிரி ராஜாக்கள் கையில் சிக்கவே இல்லையே என்று ஏளனமாகப் பேசி மறுக்கிறார்கள். காட்டு முள்ளால் உங்கள் சதையைக் கிழிக்கிறேன் பார் என்று சொல்லிவிட்டுப் போகிறார் கிதியோன். ஜெயித்துத் திரும்பும் வழியில் ஓர் இளைஞனைப் பிடித்து 77 பேரின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, சொன்னதைச் செய்தும் காட்டுகிறார். பக்கத்திலிருந்த பெனூவேலில் கோபுரத்தை இடித்து ஊர் ஆட்களைக் கொன்றார். பெரிய கோத்திரத்திடம் அவ்வளவு பக்குவமாகப் பேசிய அதே வாய்தான் இது.

இந்த இரட்டை நாக்கு நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. கிளையன்ட்டுக்கு எழுதும் மெயிலில் மூன்று ‘கைண்ட்லி’ இருக்கும், ஜூனியருக்கு “வேர் இஸ் இட்?” என்று மூன்றே சொல் போகும். மேலதிகாரியிடம் பணிவாகப் பேசுகிறவரை நல்ல சுபாவம் என்று எடுத்துக்கொள்வது அவசர முடிவு. அது பயமாகவும் இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம். கடந்த வாரம் நீங்கள் வெண்டருக்கும் டிரைவருக்கும் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் திறந்து படித்தால் உங்கள் பேச்சுப் பழக்கம் சுத்தமாகத் தெரிந்துவிடும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுக்கு இருந்தால், வந்தவர் வரவேற்பறையில் எப்படிப் பேசினார் என்று ரிசப்ஷனிஸ்ட்டிடம் கேளுங்கள்.

தப்பை எங்கே வைத்துச் சொல்வது

“நாலு பேர் முன்னாடி சொன்னாத்தான் உறைக்கும்” என்பது நம் ஊர் மேலாளர்களின் வேதவாக்கு. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் முறை இதற்கு நேர் எதிர். ஒருவர் குற்றம் செய்தால் முதலில் அவரும் நீங்களும் மட்டும் இருக்கும்போது சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிப்போங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் சபைக்குத் தெரிவியுங்கள். இரண்டாவது, மூன்றாவது படிகளைப் பிறகு பார்க்கலாம். முதல் படியை நாம் தாண்டிப் போய்விடுகிறோம் என்பதுதான் இப்போதைக்கு விஷயம்.

எல்லார் முன்னாலும் திட்டினால் திட்டு வாங்கியவர் திருந்துகிறாரோ இல்லையோ, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: தப்பு நடந்தால் வெளியே சொல்லக் கூடாது. மருத்துவமனை வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவைத் தவறாக எடுத்துவிட்டு, கொடுப்பதற்குள் கவனித்துவிட்ட ஒரு நர்ஸ் அதைச் சொன்னால்தான் பெயர் ஒரே மாதிரி இருக்கும் அந்த இரண்டு மருந்துகளையும் வேறு வேறு தட்டில் வைக்க யாருக்காவது தோன்றும். நேற்றுதான் ரவுண்ட்ஸில் இன்னொரு நர்ஸை நோயாளிகள் முன்னால் நாறடித்தார்கள் என்றால், இவர் ஏன் சொல்லப்போகிறார்?

ஒரு விதிவிலக்கு. பிரஸ் மெஷினுக்குள் கை போகிறது என்றால் தனியறைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கத்துங்கள்.

தனியாகக் கூப்பிட்டாலும், முடிவோடு உட்காராமல் கேள்வியோடு உட்காருங்கள். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் சீலோ ஆலயத்தில் அன்னாள் அழுதுகொண்டு ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. தலைமை ஆசாரியர் ஏலி பார்த்துவிட்டுக் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டி அதட்டுகிறார். அனுபவசாலி, நாள்தோறும் மனிதர்களைப் பார்க்கிறவர், அவருக்கே கண் தவறியது. அன்னாள் மரியாதையோடு மறுக்கிறாள்: குடிக்கவில்லை, மனக்கஷ்டத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன். இங்கே ஏலியின் அடுத்த நடவடிக்கைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். “நீ நின்ன விதம் அப்படி இருந்துச்சு” என்று தன் பக்க நியாயம் பேசவில்லை. சமாதானத்தோடே போ, நீ கேட்டது கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிறார். அவள் போய்ச் சாப்பிட்டாள், அதற்குப் பின் அவள் முகம் வாடியிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. காயப்படுத்திய அதே வாயால் சில நிமிஷத்தில் ஆற்றவும் முடிந்தது, ஏனென்றால் மனிதர் தன் முடிவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

நாலு நாளாகத் தாமதமாக வருகிறவர், மீட்டிங்கில் கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பவர், திடீரென்று எண்களில் தவறு விடுகிறவர். “என்ன ஆச்சு, எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்க அரை நிமிஷம் ஆகும். மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பொய்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு விளக்கம் தரும்போது, அவதூறு பேசாமல் இருந்தால் மட்டும் போதாது, அயலான் செய்ததற்கு முடிந்தவரை நல்ல அர்த்தத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்க் வந்து இறங்கியதிலிருந்து வரும் தமிழ் லுத்தரன் பாரம்பரியத்தில் இது திடப்படுத்தல் வகுப்புப் பாடம். (லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கருக்கும் இது எட்டாம் கட்டளை, சி.எஸ்.ஐ.காரர்களுக்கு ஒன்பதாவது. எண் எதுவானாலும் அப்ரைசல் மாதத்தில் எல்லாருக்கும் ஒருசேர மறந்துபோகும்.)

கொடுக்க ஒன்றும் இல்லாதபோது

மேலாளரின் பேச்சு உண்மையில் சோதிக்கப்படுவது மறுக்கும்போதுதான். சம்பள உயர்வு இல்லை, லீவு இல்லை, ஷிப்ட் மாற்ற முடியாது, பட்ஜெட் இல்லை. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவிகளுக்காக ஒழுங்குமுறை எழுதிய பெனடிக்ட், 31ஆம் அதிகாரம் முழுவதையும் மடத்தின் உக்கிராணக்காரருக்கு ஒதுக்கினார். மடத்தின் பொருள்கள் எல்லாம் அவர் கையில் இருக்கும். கேட்டு வருகிறவர்களும் ஓயாமல் வருவார்கள். யாராவது நியாயமில்லாததைக் கேட்டால் அவரை அலட்சியப்படுத்தி நோகடிக்காமல், காரணத்தைச் சொல்லிப் பணிவோடு மறுக்க வேண்டும் என்கிறார் பெனடிக்ட். கொடுக்கப் பொருள் இல்லையென்றால் ஒரு நல்ல வார்த்தையாவது கொடுக்க வேண்டும். துறவியர்க்கு உரிய பங்கைத் திமிர் காட்டாமலும் காத்திருக்க வைக்காமலும் கொடுக்க வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். எச்.ஆர்., அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ் பிரிவுகளில் இருப்பவர்கள் இந்த அதிகாரத்தைப் பிரின்ட் எடுத்து மேஜையில் ஒட்டலாம்.

நடைமுறையில் நல்ல மறுப்புக்கு மூன்று விஷயம் வேண்டும்: இல்லை என்ற சொல் தெளிவாக, காரணம் உண்மையாக, அடுத்து எப்போது கேட்கலாம் என்ற தகவல் நிச்சயமாக. “பார்க்கலாம்” என்பது மூன்றும் இல்லாத பதில். ஆள் மூன்று மாதம் நம்பிக்கொண்டிருப்பார். வெடுக்கென்று சொல்வதைவிட இது இரக்கம்போலத் தோன்றும். எனக்கு இது அதைவிட மோசமாகப் படுகிறது.

மேலே இருப்பவருக்கு ‘முடியாது’ சொல்ல வேண்டிய சங்கடம் வேறு. அதற்கு தானியேல் முதல் அதிகாரம். ராஜ உணவு வேண்டாம் என்று தானியேல் கேட்கிறார். பிரதானிகளின் தலைவருக்கு அவர்மேல் பிரியம்தான், ஆனால் ராஜாவுக்குப் பயம். இளைஞர்கள் மெலிந்து தெரிந்தால் தன் தலை போய்விடும். தானியேல் அந்தப் பயத்தைப் பரிகாசம் செய்யவில்லை. தங்களை நேரடியாக மேற்பார்த்தவரிடம் போய், பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றார். நோக்கத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரில் இருப்பவரின் ஆபத்தை மட்டும் குறைத்துக் கொடுத்தார். ஞாயிறு ஷிப்ட் வேண்டாம் என்று கேட்கப் போகிறவர்கள், “எனக்கு ஆராதனை இருக்கு” என்பதோடு நிறுத்தாமல், யார் மாற்று, எந்த நாளை நான் எடுத்துக்கொள்கிறேன், எத்தனை வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்ற தாளோடு போனால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

பெயர் சொல்லிப் பாராட்டு

“டீம் எஃபோர்ட், எல்லாருக்கும் நன்றி” என்பது யாருக்கும் போய்ச் சேராத நன்றி. ரோமர் 16ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியல் என்று பலர் தாண்டிப் போய்விடுவார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பவுல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார், பலருக்கு என்ன செய்தார்கள் என்பதும் கூடவே இருக்கிறது. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தனக்காகக் கழுத்தையே கொடுக்கத் துணிந்தவர்கள், பெர்சியாள் மிகவும் பாடுபட்டவர், பெபேயாள் அநேகருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவர். 22ஆம் வசனத்தில், சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியு தன் பெயரிலேயே ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறார். பிரசென்டேஷனை இரவு முழுக்க உட்கார்ந்து செய்தவரின் பெயரைக் கடைசி ஸ்லைடில்கூடப் போடாத மேலாளர்கள் நின்று பார்க்க வேண்டிய வசனம்.

அதற்காக ஊதித் தள்ளவும் வேண்டாம். விடியற்காலையில் எழுந்து உரத்த குரலில் நண்பனை வாழ்த்துவது சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27:14 சொல்கிறது. ஒருவரைத் தினமும் குரூப்பில் தூக்கி வைத்தால் மற்றவர்கள் அவரோடு சாப்பிட உட்கார மாட்டார்கள்.

‘சும்மா சொன்னேன்’

இது சுருக்கமாகப் போதும். ஊர், நிறம், உடம்பு, ஆங்கில உச்சரிப்பு ஆகியவற்றை வைத்துச் சொன்னது எதுவும் தமாஷ் இல்லை. அடுத்தவனை ஏமாற்றிவிட்டு விளையாட்டுக்குச் செய்தேன் என்கிறவனை, கொள்ளியும் அம்பும் எறிகிற பைத்தியத்தோடு சேர்க்கிறது நீதிமொழிகள் 26. நமக்கென்றே உள்ள இன்னொரு வகை, ஜெபக்குறிப்பு. “அவங்க வீட்ல கொஞ்சம் பிரச்சினை, ஜெபத்துல வச்சுக்கங்க” என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்து நாலு மணிக்குள் மாடி முழுக்கப் பரவிவிடும். சம்பந்தப்பட்டவர் சொல்லச் சொன்னாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனியாக ஜெபியுங்கள்.

வார்த்தையால் அடி வாங்குகிறவருக்கு

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, “அப்போ நான் பொறுத்துக்கிட்டே போகணுமா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கூடாது. விசாரணையில் ஒரு சேவகன் அறைந்தபோது இயேசு சும்மா இருக்கவில்லை. தான் பேசியது தவறென்றால் அந்தத் தவறைக் காட்டும்படியும், சரியென்றால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் கேட்டார் (யோவான் 18:23). குரலை உயர்த்தாமல் ஆதாரம் கேட்பது. அலுவலகத்தில் அதற்கு வடிவம் ஒரு மெயில்: “இன்று காலை மீட்டிங்கில் என் வேலையைப் பற்றி இப்படிச் சொன்னீர்கள். எந்தப் பகுதியில் குறை என்று குறிப்பிட்டால் சரிசெய்கிறேன்.” தேதி, நேரம், உடனிருந்தவர்கள் யார் என்பதையும் உங்களுக்கென்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தேயு 18இன் இரண்டாம், மூன்றாம் படிகள் இங்கேதான் வருகின்றன. கிறிஸ்தவ நிறுவனங்கள் சிலவற்றில் முதல் படியை மட்டும் காட்டி “தனியாப் பேசித் தீர்த்துக்கங்க, மன்னிச்சுடுங்க” என்று புகாரை மூடிவிடும் வழக்கம் உண்டு. சாட்சிகளும் சபையும் அதே இயேசு சொன்னவைதான். ஆபாசமாகப் பேசிய மேலதிகாரியைத் தனியாகச் சந்தித்துப் பேசு என்று ஒரு பெண்ணை அனுப்புவது வேதமும் இல்லை, சட்டமும் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாய்ப்பேச்சும் துன்புறுத்தலில் சேரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அது மிஷன் பள்ளியானாலும் மருத்துவமனையானாலும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சின்ன இடங்களில் வேலை செய்பவர்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு.

பட்டியல் சாதியினரைப் பிறர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியாகக் கணக்கில் வருவதில்லை. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு எளிதில் எட்டாது. அப்படியானால் திருச்சபை நடத்தும் ஒரு கல்லூரியிலோ அலுவலகத்திலோ அந்தச் சொல் காதில் விழுந்தால் விசாரிக்க வேண்டிய முதல் ஆள் நிர்வாகம்தான். “அது அவங்களுக்குள்ள” என்று தாளாளர் நகர்ந்துவிட முடியாது.

கடைசியாக, மன்னிப்பு எந்த இடத்தில் கேட்கப்பட வேண்டும் என்பது. அப்போஸ்தலர் 16இல், பிலிப்பி ஊரில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் ஊர் பார்க்க அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள் அதிகாரிகள். பவுல் ஒப்புக்கொள்ளவில்லை. ரோமக் குடிமக்களை வெளிப்படையாக அடித்துவிட்டு ரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். பவுலுக்கு அப்போது பழிவாங்கும் எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முந்தின இரவுதான் சிறைக்காவலரின் உயிரைக் காப்பாற்றியிருந்தார். ஆனால் அந்த ஊரில் அவர் விட்டுப்போகும் புதிய சபைக்கு, குற்றவாளிகளின் கூட்டம் என்ற பெயர் ஒட்டிவிடக் கூடாது என்று நினைத்திருக்கலாம். அதிகாரிகள் வந்தார்கள், தயவாகப் பேசி வெளியே கூட்டி வந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்கில் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் இதுதான் அளவு. எட்டுப் பேர் முன்னால் சொன்னதற்கு அந்த எட்டுப் பேர் முன்னால். கேபினுக்குள் கூப்பிட்டுத் தோளில் தட்டுவது கணக்கில் சேராது. இரண்டு வாக்கியம் போதும்: “போன வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் லேட்டானதுக்கு உங்களைச் சொன்னேன். தாமதம் என் பக்கம் இருந்துச்சு, அப்படிப் பேசுனது தப்பு.” ‘ஆனா’ என்று மூன்றாவது வாக்கியம் வரப் பார்க்கும். அதை விழுங்கிவிட்டு அடுத்த அஜெண்டாவுக்குப் போங்கள்.